தோளுக்கேற்ற துப்பாக்கி

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

முதலாண்டில் நாம் எல்லோரும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. இத்தனை கிலோ எடையுள்ள துப்பாக்கியிலிருந்து இத்தனை கிராம் எடையுள்ள குண்டு இத்தனை வேகத்தில் புறப்படுகிறது; துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் என்ன? உந்த அழிவின்மை விதியைப் போட்டு, விடைக்கு முன்னால் மறக்காமல் எதிர்க்குறி இட்டு, கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அந்தத் துப்பாக்கியை யார் தூக்கிக்கொண்டு நடந்தார், அது யார் தோளில் இடித்தது, அதை வாங்க அவருக்கு வகையிருந்ததா என்றெல்லாம் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

நானும் அதைப்பற்றி நினைத்தவனல்ல. தேசிய மாணவர் படை முகாமில் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொட்ட அன்றுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. என் எடை 46 கிலோ. என்னோடு வரிசையில் நின்றவர்கள் கபடி ஆடும் தோள்களை உடையவர்கள். எங்களுக்குக் கொடுத்தது சிறிய 22 ரகத் துப்பாக்கிதான். அதில் உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் குப்புறப்படுத்து அதைத் தோளில் பொருத்திக் குறிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நேரம் ஆக ஆக என் இடது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து குண்டுகளில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. கண்ணில் குறையில்லை, கையில்தான் குறை என்று பயிற்சி ஆசிரியர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே கல்லூரி நூலகத்தில் ஜிம் கார்பெட்டின் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஆங்கிலப் புத்தகம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதலாமவன். பக்கத்துக்கு ஆறு முறை அகராதியைப் புரட்டித்தான் படித்தேன். புலி வரும் இடங்களில் மட்டும் அகராதியை மூடி வைத்துவிட்டேன். ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதவேண்டும் என்று தமிழ்த்துறை ஆசிரியர் சொன்னபோது, நான் ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரரின் பெயரைச் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு, எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்று இசைந்தார். அந்த இசைவுக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறேன்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 சூலை 25இல் இமயமலையடிவாரத்து நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலையத்தின் தலைவர். வெள்ளையர் என்றதும் பங்களாவும் பட்லருமாக நம் கண்முன் ஒரு காட்சி வரும். கார்பெட் வீட்டில் அந்தக் காட்சி இல்லை. 1881இல் தந்தை இறந்தபோது சிறுவனுக்கு இன்னும் ஆறு வயது நிறையவில்லை. பெரிய குடும்பம். கோடையில் மலைக்கு வருவோருக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் தொழிலைத் தாய் மேற்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். மூத்த மகன் டாம் தந்தையின் அஞ்சல் நிலைய வேலைக்கு வந்தார். குளிர்காலத்தில் குடும்பம் மலையிறங்கிக் காலாதுங்கி என்னும் காட்டோரச் சிற்றூருக்கு வந்துவிடும். ஜிம் காட்டைக் கற்றது அங்கேதான்.

அவர் கைக்கு முதலில் வந்த ஆயுதம் உண்டிவில். அதன்பின் அம்பு, வில். அதற்கும் பின்னால் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. இரட்டைக்குழல் என்பது பெயருக்குத்தான். முன்பு யாரோ மருந்தை அளவுக்கு மீறித் திணித்துச் சுட்டதில் வலக்குழல் வெடித்துப் பிளந்திருந்தது. அதே அதிர்ச்சியில் பின்கட்டையும் உடைந்து, பித்தளைக் கம்பி சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. மிஞ்சியது இடக்குழல் ஒன்று. உள்ளூர் வேட்டைக்காரரான குன்வர் சிங் அந்தத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, பிளந்த குழலைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நல்ல குழலை மட்டும் மெச்சினாராம். ஏழைச் சிறுவனின் பொருளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அறிந்த மனிதர்.

இந்த வகைத் துப்பாக்கியை இன்று பார்த்தவர்கள் நம்மில் குறைவாக இருப்பார்கள். குழலின் வாய் வழியாகக் கருமருந்தை அளந்து கொட்டி, மேலே துணியோ தக்கையோ வைத்து நீண்ட கம்பியால் இடித்து, ரவைகளைப் போட்டு, மறுபடியும் தக்கை வைத்து இடித்து, பின்புறம் ஒரு சிறிய கேப்பைப் பொருத்திய பிறகுதான் ஒரு தடவை சுடலாம். மறுபடி சுடவேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அதற்குள் காட்டுக்கோழி பக்கத்து ஊருக்கே போயிருக்கும். மருந்துக்கும் ரவைக்கும் காசு வேண்டும். அந்தக் காசு சிறுவனிடம் இல்லை. ஆகவே நெருங்கிச் சென்று, தப்பாது என்று தெரிந்த பிறகே விசையைத் தொடுவது என்னும் பழக்கம் அவருக்குப் பத்து வயதுக்குள் வந்துவிட்டது. பிற்காலத்தில் உலகம் வியந்த அந்தப் பொறுமையின் வேரில் ஒரு பகுதி இந்தக் காசில்லாமைதான் என்பது என் கருத்து.

பத்து வயதில் பள்ளியின் மாணவர் படையில் சேர்ந்தார். (இதைப் படித்தபோது எனக்கு உண்டான உறவுணர்ச்சியைச் சொல்லவேண்டியதில்லை.) அங்கே கையாண்டது 450 ரக மார்ட்டினி துப்பாக்கி. நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. முப்பது கிராம் ஈயக்குண்டு. பெரியவர்களின் தோளையே பதம் பார்க்கும் உதைப்பு. சிறுவனின் ஆர்வத்தைக் கண்ட படைப்பயிற்சியாளர் குளிர்காலத்துக்கு அதை அவரிடமே கொடுத்து, வேண்டிய தோட்டாக்களும் கொடுத்தார். நிபந்தனை இரண்டு: துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக்கூடுகளைத் திருப்பித் தரவேண்டும். இரவல் துப்பாக்கி, இரவல் தோட்டா. தன் முதல் சிறுத்தையை அவர் வீழ்த்தியது இந்த இரவல் துப்பாக்கியால்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கார்பெட்டின் ஏழ்மையும் அந்தக் காட்டோரத்துக் குடியானவரின் ஏழ்மையும் ஒன்றல்ல. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. ஐரோப்பியருக்கு அந்தத் தடை இல்லை. உடைந்த துப்பாக்கியானாலும் ஒரு வெள்ளைச் சிறுவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் நடக்கலாம். பயிரைப் பன்றி தின்னக் கண்டுகொண்டிருந்த உழவனால் அது முடியாது. புலி மனிதரைத் தின்னத் தொடங்கியபோது ஊர் முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரரின் வருகைக்குக் காத்திருந்ததற்குப் பயம் மட்டும் காரணமன்று, சட்டமும் காரணம்.

மேற்படிப்புக்கு வசதியில்லை. பதினெட்டு வயதை ஒட்டி வங்காள வடமேற்கு இரயில்வேயில், எஞ்சின்களுக்கு விறகு வெட்டிக் குவிக்கும் பணியை மேற்பார்க்கும் வேலையில் சேர்ந்தார். பின்னர் கங்கைக்கரையில் மொகாமா காட் என்னுமிடத்தில், அகலப்பாதை வண்டியிலிருந்து மீட்டர்பாதை வண்டிக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்தார். எல்லாம் ஆள்பலத்தால் நடந்த வேலை. மண்வெட்டியால் நிலக்கரியை வாரிக் கூடையில் போட்டு, தலையில் சுமந்து, அடுத்த வண்டியில் கொட்டவேண்டும். தொடக்க மாதங்களில் கூலிப்பணம் வந்து சேரவில்லை. ஆட்கள் பட்டினியின் விளிம்புக்கு வந்தார்கள். அவரும் மண்வெட்டி பிடித்து அவர்களோடு நின்றார். பணம் வராவிட்டால் வேலை நிற்கும் என்று தந்தி கொடுத்த பிறகே மேலிடம் அசைந்தது.

மண்வெட்டி என்றதும் எனக்கு என் தந்தையின் நினைவு வருகிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அவர் பிறர் நிலத்தில் கூலிக்கு அண்டை வெட்டுபவர். சந்தையில் மண்வெட்டி வாங்கும்போது அவர் தகட்டின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கி, தரைக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது நிறுத்திப் பார்ப்பார். நிறுத்த முடியாததைக் கீழே வைத்துவிடுவார். கனமானதுதான் ஆழமாக இறங்கும் என்று கடைக்காரர் சொல்லுவார். முதல் நூறு வெட்டுக்குத்தான் அது உண்மை என்றும், மாலையில் ஆயிரமாவது வெட்டைப் போடப்போவது கடைக்காரர் அல்ல என்றும் என் தந்தை பதில் சொல்லுவார். கையில் இருப்பது ஒரு மண்வெட்டிக்கான காசு. தவறாக வாங்கினால் அடுத்த சந்தைக்கு மாற்ற முடியாது. கார்பெட்டின் துப்பாக்கிகளைப்பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சந்தைக் காட்சி என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

இனி 1907ஆம் ஆண்டுக்கு வருவோம். நேபாளத்தில் இருநூறு பேரைக் கொன்றுவிட்டுக் குமாவூனுக்குள் வந்த ஒரு பெண்புலி, அங்கே மேலும் 234 பேரைக் கொன்றிருந்தது. சம்பாவத் வட்டாரமே நடுங்கிக்கொண்டிருந்தது. கார்பெட்டை அரசு அதிகாரி அணுகியபோது அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுப்பணத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். அங்கே சுற்றிக்கொண்டிருந்த மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்கவேண்டும். பணத்துக்காகச் சுடுபவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். மாதச் சம்பளத்திலும் ஒப்பந்த வருவாயிலும் காலந்தள்ளிய ஒருவர் பரிசுப்பணத்தை வேண்டாம் என்பது எளிதன்று.

அன்று அவர் கையிலிருந்தது கனமான 500 ரகத் துப்பாக்கி. சம்பாவத்தில் வட்டாட்சியர் 298 பேரைத் திரட்டினார். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அஞ்சாமல் கொண்டுவரலாம், தாம் கண்டுகொள்ள மாட்டோம், மருந்தும் தருவோம் என்று அவர் அறிவித்திருந்தார். ஒரு பொருட்காட்சிச் சாலையை நிரப்பும் அளவுக்குப் பழந்துப்பாக்கிகள் வெளியே வந்தனவாம். கூரைக்குள்ளும் வைக்கோற்போருக்குள்ளும் அவை இத்தனை நாள் ஒளிந்திருந்தன என்பதே ஒரு தனி வரலாறு.

மலைமுகட்டில் அவர்கள் எழுப்பிய பேரொலியில் புலி வெளியே வந்தது. கார்பெட் எடுத்துச் சென்றிருந்தவை மூன்றே தோட்டாக்கள். இரண்டு சுடும் வாய்ப்புக் கிடைத்தாலே அதிகம், மூன்றாவது ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்தன, புலி காயப்பட்டு, பாறை மேல் அவரை நோக்கித் திரும்பி நின்றது. ஓடிப்போய் வட்டாட்சியரின் துப்பாக்கியை வாங்கிவந்து இருபதடித் தூரத்தில் நின்று குறிபார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் குழலுக்கும் அடைப்புக்கும் இடையில் நல்ல இடைவெளி இருந்தது. வெடித்தால் முகத்தில் அடிக்கலாம். வேறு வழியில்லை, சுட்டார். திறந்த வாய்க்கு வைத்த குறி தவறி முன்காலில் பட்டது. முன்பே பட்ட காயங்களால் தளர்ந்திருந்த புலி தலைசாய்ந்தது.

அந்தப் புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதி, கீழ்ப்பல் எலும்பு வரை. என்றைக்கோ எவரோ சுட்ட குண்டு செய்த வேலை. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது கார்பெட்டின் முடிவு. பெயர் தெரியாத அந்த ஒருவர் தம் துப்பாக்கி தாங்கும் தூரத்தையும் தம் கையின் உறுதியையும் அறியாமல் விசையை இழுத்தார். இறந்தவர்கள் 436 பேர். துப்பாக்கி வாங்குவோர் எல்லாம் அதன் விலையையும் வலிமையையும் கேட்கிறார்கள். தவறிய குண்டின் விலை இந்த 436.

சில மாதங்களுக்குப் பின் நைனிடாலில் நடந்த தர்பாரில், சம்பாவத் வட்டாட்சியருக்கு ஒரு துப்பாக்கியும் கார்பெட்டோடு துணைநின்றவருக்கு ஒரு வேட்டைக் கத்தியும் ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹூவெட் வழங்கினார். கார்பெட்டுக்கு அவர் அளித்ததுதான் நம் கட்டுரையின் நாயகன்: இலண்டன் ரிக்பி நிறுவனத்தின் 275 ரகத் துப்பாக்கி. பின்கட்டையில் சம்பாவத் புலியின் பெயரைச் சொல்லும் வெள்ளித்தகடு பதித்திருந்தது. பரிசுப்பணம் வேண்டாம் என்றவருக்குத் துப்பாக்கி பரிசாக வந்தது. தாமே காசு கொடுத்து வாங்கக்கூடிய நிலையில் அவர் அன்று இருந்தாரா என்பது எனக்கு ஐயமே.

இந்தத் துப்பாக்கியின் உள்ளுறுப்பு செர்மனியின் மவுசர் நிறுவனத்தது. 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்தான் 275. படைவீரருக்கென்று உருவாக்கிய தோட்டா அது. புலி வேட்டைக்கு என்று எவரும் அதை முதலில் எண்ணியதில்லை. நாம் முதலாண்டில் போட்ட கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். குண்டு ஏறக்குறைய 9 கிராம். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர். துப்பாக்கி மூன்றரைக் கிலோ. பின்னுதைப்பு விநாடிக்கு இரண்டு மீட்டர். கார்பெட்டிடம் பின்னாளில் 450/400 என்னும் இரட்டைக்குழல் கனரகத் துப்பாக்கியும் இருந்தது. அதில் குண்டு 26 கிராம், வேகம் ஏறக்குறைய 640 மீட்டர், துப்பாக்கியின் எடை நாலேமுக்கால் கிலோ என்று வைத்தால், பின்னுதைப்பு விநாடிக்கு மூன்றரை மீட்டர். வேகத்தில் பெரிய வேற்றுமை இல்லையே என்று தோன்றும். தோள் தாங்கவேண்டிய இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் ஒன்றில் ஏழு ஜூல், மற்றதில் இருபத்தொன்பது. நான்கு மடங்கு! குழல்வழியே வெளிப்பாயும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இரண்டு எண்களுமே கூடும்; கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆசிரியர்கள் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

இலேசான துப்பாக்கிதான் உதைக்கும், கனமானது உதைப்பை விழுங்கிவிடும் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். ஒரே குண்டாக இருந்தால் அது சரி. குண்டையும் அளவாகத் தேர்ந்துகொண்டால் இலேசான துப்பாக்கியும் தோளுக்கு அடங்கி நிற்கும் என்பதே 275இன் இரகசியம். உதைப்புக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுகிறான். அஞ்சாதவன் குறிமுள்ளை இறுதிவரை பார்த்துக்கொண்டிருக்கிறான். இதே தோட்டாவைக் கொண்டு கரமோஜோ பெல் என்பவர் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைத் தந்தத்துக்காக வீழ்த்தினார் என்பதையும் படித்தேன். குறியின் நுட்பத்தை வியக்கலாம். செயலை வியக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்பெட் எல்லாவற்றுக்கும் 275ஐயே எடுத்தார் என்றும் எண்ணிவிடக்கூடாது. அடர்ந்த புதரில், காயப்பட்ட புலி பாய்ந்து வரும் என்று எதிர்பார்த்த இடங்களில் கனமான இரட்டைக்குழலே அவருக்குத் துணை. ஆனால் மலைப்பாதையில் ஒரு நாளைக்கு இருபது மைல் ஏறி இறங்கும் மனிதருக்கு ஒவ்வொரு கிலோவும் ஒரு கேள்வி. முழங்காலும் முதுகும் கெஞ்சும் நேரத்தில்தான் புலி எதிர்ப்படும்.

உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கேதாரநாதத்துக்கும் பத்ரிநாதத்துக்கும் போகும் யாத்திரை வழியில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற விலங்கு அது. எட்டு ஆண்டுகளாக இருட்டிய பிறகு அந்த வழியில் கதவு திறந்ததில்லை. 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாபிராய் என்னும் இடத்து மாமரத்தில் பத்து இரவுகள் காத்திருந்த கார்பெட் பதினோராம் இரவும் ஏறி உட்கார்ந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. துப்பாக்கியில் ஒரு மின்விளக்கு பொருத்தியிருந்தது. இருளில் ஏதோ பாய்ந்தது, மணி ஒலித்தது, விளக்கை அழுத்தினார், வெளிச்சம் சிறுத்தையின் தோள்மீது நேராக விழுந்தது, விசையை இழுத்தார், விளக்கு அணைந்துவிட்டது. இரண்டாவது குண்டுக்கு இடமே இல்லை. அன்றும் கையிலிருந்தது அந்த 275தான். உடைந்த குழலோடு ஒற்றைக் குண்டில் வேட்டையாடிய சிறுவனின் பயிற்சி ஐம்பதாவது வயதில் கைகொடுத்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போரில் குமாவூன் மலைமக்கள் ஐந்நூறு பேரைத் தொழிற்படையாகப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சகோதரி மேகியோடு வாழ்ந்தார். காலாதுங்கிக்கு அருகே சோட்டி அல்துவானி என்ற சிற்றூரை அமைத்துக் குடியானவர்களைக் குடியேற்றினார். வயது ஏற ஏறத் துப்பாக்கியை வைத்துவிட்டுத் திரைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு புலிகளின் பின்னால் நடந்தார். காட்டுயிர்களைக் காக்கவேண்டும் என்று பள்ளிகளில் பேசினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்குப் பங்குண்டு. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1944இல் குமாவூன் ஆட்கொல்லிகளைப்பற்றிய புத்தகம் வந்து உலகப்புகழ் தந்தது. 1947இன் இறுதியில் மேகியோடு கென்யாவுக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்பது என்னை உறுத்துகிறது. இந்திய ஏழைகளை அத்தனை அன்போடு எழுதியவர், அவர்கள் நாடு அவர்களுக்கே உரியதான ஆண்டிலா புறப்பட வேண்டும்? 1955 ஏப்ரல் 19இல் நையேரி நகரில் காலமானார். துப்பாக்கி அவருடைய புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகத்தாரிடம் சென்றது. 2015இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு அதைக் குமாவூனுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், நம் நாட்டில் எவரும் புலி வேட்டைக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லை, நல்லதே.

ஒரு நிகழ்ச்சியைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சௌகட் பெண்புலி அறுபத்து நான்கு பேரைக் கொன்றது. 1930 ஏப்ரல் 11ஆம் நாள், கார்பெட் துணையாட்களோடு ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். வழியில் தரையில் இராப்பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டார். முட்டை சேகரிப்பது அவர் பழக்கம். ஆகவே அவற்றை இடக்கையில் எடுத்துக்கொண்டார். வலக்கையில் இலேசான துப்பாக்கி, மார்புக்குக் குறுக்கே. பெரிய பாறை ஒன்றைச் சுற்றி இறங்கியதும் வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். எட்டடித் தூரத்தில் புலி படுத்திருந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

துப்பாக்கியின் வாய் புலிக்கு நேராக வரவேண்டுமானால் முக்கால் வட்டம் சுழலவேண்டும். இடக்கையில் முட்டைகள். வேகமாக அசைந்தால் புலி பாய்ந்துவிடும். ஒற்றைக் கையால், புலியின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், அசைவே தெரியாத மெதுவில் துப்பாக்கியைத் திருப்பத் தொடங்கினார். கை முழுதும் நீண்டுவிட்டது, எடை மணிக்கட்டில் இறங்கியது, இன்னும் சுழலவேண்டியிருந்தது.

இதைப் படித்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது, கொல்லையில் என் தந்தையின் மண்வெட்டியை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் மணிக்கட்டு நடுங்கியது. மண்வெட்டி துப்பாக்கியைவிட எடை குறைந்தது. அவர் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்லூரியில் இதையுமா சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். கனத்த துப்பாக்கியாக இருந்திருந்தால் அந்த ஆள் செத்திருப்பார் என்று, அகராதி எதுவும் புரட்டாமல், அவரே சொன்னார்.

கார்பெட்டும் பின்னால் அதையேதான் எழுதினார். துப்பாக்கி இலேசானதாக இல்லாவிட்டால் அப்படித் திருப்பியிருக்கவும் முடியாது, கையை முழுதும் நீட்டிச் சுட்டிருக்கவும் முடியாது. முட்டைகள் இல்லாதிருந்தால் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு சட்டென்று திரும்பியிருப்பார், புலி பாய்ந்திருக்கும். குண்டு வெடித்தது. புலி அசைந்ததாகக்கூடத் தெரியவில்லை. தலை மட்டும் மெதுவாக முன்கால்களின் மேல் சாய்ந்தது.

துணையாள் மாதோ சிங் வந்து சேர்ந்தபோது கார்பெட்டின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, உட்கார்ந்து புகைபிடித்தார். பிறகு முட்டைகளை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஏறிப்போய், அவற்றை இருந்த இடத்திலேயே வைத்தார். அரைமணி நேரம் கழித்து அந்தப் பக்கமாகப் போனபோது முட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. தாய்ப்பறவை, தரையின் நிறத்தோடு நிறமாக, அவற்றின்மேல் அமர்ந்திருந்தது.